வீட்டை விட்டு நகர முடியாத நிலை: குதிரையோடு இருந்த பழக்கம் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

கேள்வி: மேற்குக்காற்று (கொழிஞ்சாம்பாறை)

எல்லோருக்கும் வணக்கம். நான் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாக்காரி. எங்கள் ஊரிலிருந்து வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டினால் கோயம்புத்தூர் மாவட்டம். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்குள் சின்னக் குதிரை லாயம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அங்கே போய்விடுவேன். நடை, ட்ராட் (துள்ளு நடை) இரண்டும் நன்றாகப் பழகி, கேன்டர் (அதைவிட வேகமான மெல்லோட்டம்) அப்போதுதான் கைகூடி வந்தது.

நான் ஏறுவது மல்லி என்ற சாம்பல் நிறப் பெட்டை. கத்தியவார் இனக் கலப்பு. காதை விறைத்தால் நுனி இரண்டும் ஒன்றையொன்று தொடும். என் ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலே கழுத்தை நீட்டி ஒரு கனைப்பு கனைக்கும்.

இப்போது அப்பாவுக்குப் பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் குழறுகிறது. அம்மா இல்லை. அண்ணன் மஸ்கட்டில் இருக்கிறான். அப்பாவைப் பார்த்துக்கொள்வதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னைத் தூக்கித் தோளில் வைத்துத் தத்தமங்கலம் அங்காடி வேலா திருவிழாவில் குதிரையோட்டம் காட்டியவர் அவர்தான். ரோட்டில் இரண்டு பக்கமும் ஜனம், நடுவில் சேணம்கூட இல்லாமல் குதிரைகள் பறக்கும். எனக்குக் குதிரைப் பைத்தியம் பிடித்தது அங்கேதான்.

மளிகைக் கடைக்குப் போய் வரும் நேரத்துக்கு மேல் என்னால் வீட்டை விட்டு இருக்க முடியாது. தை வரையாவது இப்படித்தான் என்று டாக்டர் பேச்சிலிருந்து தெரிகிறது. மத்தியானம் அப்பா தூங்கும்போது கொஞ்ச நேரம் கிடைக்கும். மொட்டை மாடி இருக்கிறது, முன்னால் முற்றம் இருக்கிறது, கையில் போன் இருக்கிறது. தோழிகள் வீடியோ பார்க்கச் சொல்கிறார்கள். பார்த்தால் ஏக்கம்தான் கூடுகிறது.

பழகியதெல்லாம் உடம்பிலிருந்து போய்விடாமல் இருக்க என்ன செய்யலாம்? இன்னொன்றும் கேட்க வேண்டும். மல்லி என்னை மறந்துவிடுமோ என்பதைவிட, எனக்கே குதிரை ஒரு பழைய சங்கதி ஆகிவிடுமோ என்றுதான் பயமாக இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: ஜட்கா வீட்டுப் பிள்ளை (குடியாத்தம் பக்கம்)

அம்மா, உங்கள் அப்பா சீக்கிரம் தேறி வரட்டும்.

எங்கள் அப்பா ஜட்கா ஓட்டியவர். சித்தூர் ரோட்டில் வண்டி கட்டிப் பிழைத்த வீடு. (உங்கள் சித்தூர் வேறு, எங்களுக்கு வடக்கே இருக்கும் ஆந்திரா சித்தூர் வேறு!) குதிரை மேல் ஏறி உட்காருவது எங்கள் வீட்டில் கடைசி வேலை. அதற்கு முன்னால் கண் பழக வேண்டும், காது பழக வேண்டும், கை பழக வேண்டும். இந்த மூன்றையும் வீட்டிலிருந்தே பழகலாம். சவாரி மட்டும் செய்கிறவர்களுக்கு இதற்கெல்லாம் நேரம் கிடைப்பதே இல்லை. உங்களுக்கு இப்போது கிடைத்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் காது. லாயத்துக்காரரிடம் கேட்டு, மல்லியைக் கெட்டித் தரையில் நடத்தி, ஓட்டி, சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். படம் வேண்டாம், சத்தம் போதும். நடைக்கு நாலு தட்டு. ட்ராட்டுக்கு இரண்டு, ஏனென்றால் குறுக்கும் மறுக்குமாக இரண்டிரண்டு கால் சேர்ந்து விழும். கேன்டருக்கு மூன்று தட்டு, அப்புறம் ஒரு சின்ன மௌனம். நாலுகால் பாய்ச்சலில் மறுபடியும் நாலு. கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தட்டிப் பாருங்கள். கேன்டர் கைகூடி வந்த நேரம் என்றீர்கள். அந்த மூன்று தட்டு இடுப்பில் ஏறிவிட்டால் திரும்பப் போகும்போது பாதி வேலை முடிந்திருக்கும். லாடம் தளர்ந்தால் அந்தக் காலில் மட்டும் சத்தம் மாறும். அப்பா திண்ணையில் உட்கார்ந்தபடியே தெருவில் போகிற வண்டியைப் பார்த்து, "பின்னங்காலு ஆணி போச்சுடா" என்பார். போய்ப் பார்த்தால் சரியாக இருக்கும்.

அடுத்தது கண். போனை முழங்கால் உயரத்தில் பிடித்துக்கொண்டு, குதிரை நேராக வருவதையும் நேராகப் போவதையும் ட்ராட்டில் எடுக்கச் சொல்லுங்கள். தலையைப் பாருங்கள். முன்னங்காலில் வலி இருந்தால், வலிக்கிற கால் தரையில் படும்போது தலை மேலே போகும், நல்ல கால் படும்போது தலை கீழே இறங்கும். நிறையப் பேர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு நல்ல காலைத் தடவிக்கொண்டு இருப்பார்கள். வாரம் ஒரு வீடியோ வந்தால்கூடப் போதும். வீடியோ பார்த்தால் ஏக்கம் கூடுகிறது என்றீர்களே, அது யாருடைய குதிரையையோ சும்மா பார்ப்பதால் வருவது. நம் குதிரையின் காலைக் கவனித்துப் பார்க்கும்போது அது வேலை ஆகிவிடும்.

கைக்கு ஒரு கயிறு போதும். நாலைந்து முழம் பருத்திக் கயிறு வாங்குங்கள், விரல் தடிமனில். ஜன்னல் கம்பியில் குதிரை கட்டும் முடிச்சைப் போடுங்கள். கயிற்றைக் கம்பியைச் சுற்றிக் கொண்டுவந்து, கட்டிய பக்கத்தில் ஒரு வளையம் பிடித்து, கையில் உள்ள நுனியை முழுதாக விடாமல் மடித்து, அந்த மடிப்பை மட்டும் வளையத்துக்குள் நுழைத்து இறுக்க வேண்டும். குதிரை இழுத்தால் இன்னும் இறுகும். நீங்கள் நுனியை ஒரு சுண்டு சுண்டினால் அவிழ்ந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு போடுங்கள், இடது கையால் போடுங்கள், ஈரக் கயிற்றில் போடுங்கள். மிரண்ட குதிரை பக்கத்தில் நிற்கும்போது யோசிக்க நேரம் இருக்காது. லாயத்தில் கட்டும்போது கம்பியில் நேராகக் கட்டாமல், நடுவில் ஒரு மெல்லிய சணல் வளையம் வைத்துக் கட்டினால், குதிரை அரண்டு பின்வாங்கினாலும் சணல்தான் அறுந்து போகும், கழுத்துக்கு ஒன்றும் ஆகாது.

இன்னும் ஒன்று. மல்லியின் சுழிகளை வரைந்து வையுங்கள். நெற்றியில் எங்கே, கழுத்தில் எங்கே, விலாவில் எங்கே என்று. அந்தியூர் ஆடித் திருவிழாச் சந்தையில் சுழி பார்க்காமல் ஒருவரும் பணத்தை எடுக்கமாட்டார்கள். ராசி பார்ப்பது அவரவர் நம்பிக்கை. ஆனால் சர்வதேசப் போட்டிகளுக்குப் போகும் குதிரைக்கு இருக்கும் பாஸ்போர்ட்டிலும் சுழி எங்கெங்கே என்று படம் போட்டுக் குறித்திருப்பார்கள். நமக்குக் கைரேகை மாதிரி.

எங்கள் வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபம் இருக்கிறது. பாயும் குதிரைகளையும் யாளிகளையும் தூணாகவே நிறுத்தியிருக்கிறார்கள். ஸ்ரீரங்கத்தில் சேஷராயர் மண்டபக் குதிரைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் படங்களை இணையத்தில் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கடிவாளம் எந்த வழியாகப் போகிறது, மார்புப் பட்டை எங்கே முடிகிறது, ஏறியிருப்பவன் கால் எப்படித் தொங்குகிறது என்று ஒவ்வொன்றாகக் காகிதத்தில் வரையுங்கள். குதிரையைப் பக்கத்தில் நின்று பார்க்காத சிற்பி அப்படிச் செதுக்கியிருக்க முடியாது.

பதில்: அங்கவடி (கோயம்புத்தூர்)

ஐயா சொன்னதைப் படித்துவிட்டு நானே ஜன்னலில் கயிறு கட்டிப் பார்த்தேன். அருமை.

நான் சின்னப் பிள்ளைகளுக்குச் சவாரி சொல்லித்தருகிறேன். காறை எலும்பு முறிந்து வீட்டில் கிடந்த காலத்தில் என்னைக் காப்பாற்றியது கோலப்பொடி. கேளுங்கள்.

ட்ரெஸாஜ் என்பது குறித்த பாடத்தைக் குதிரையை வைத்து அசைவு அசைவாகச் செய்து காட்டும் போட்டி. அதன் மைதானத்தில் சின்ன அளவு 20 மீட்டருக்கு 40 மீட்டர். மீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் என்று வைத்தால், மொட்டை மாடியில் 2 மீட்டருக்கு 4 மீட்டர் செவ்வகம். கோலப்பொடியில் கோடு போடுங்கள். நீங்கள் உள்ளே நுழையும் குறுகிய பக்கத்தின் நடுவில் ஏ. எதிர்க் குறுகிய பக்கத்தின் நடுவில் சி, நடுவர் அங்கேதான் உட்காருவார். ஏயில் நின்று சியைப் பார்த்தால் இடது கை நீளப் பக்கத்தில் கே, ஈ, எச். வலது கைப் பக்கத்தில் எஃப், பி, எம். ஈயும் பியும் சரியாக நடுவில். மற்ற நாலும் மூலையிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி. செவ்வகத்தின் நட்ட நடுப்புள்ளி எக்ஸ்.

இப்போது காலால் நடந்து பாடத்தை ஓட்டுங்கள். ஏயில் நுழைந்து நேராக எக்ஸில் நிற்பது, வணக்கம் சொல்வது, சியில் போய் இடப்பக்கம் திரும்புவது, ஈயில் ஒரு வட்டம். வட்டம் போடும்போது பாருங்கள், உங்கள் தோளும் இடுப்பும் வட்டத்தின் வளைவோடு திரும்புகிறதா, இல்லை தலை மட்டும் திரும்புகிறதா? குதிரை மேல் செய்கிற அதே தப்பு தரையிலும் அப்பட்டமாகத் தெரியும். என்னிடம் படிக்கும் பிள்ளைகள் மழைக்காலத்தில் இதைத்தான் செய்கிறார்கள். வெயில் திரும்பி மைதானத்துக்கு வரும்போது மூலை திரும்புவது அவர்களுக்குச் சுத்தமாக வருகிறது.

உடம்புக்கு: மாடிப்படியின் கடைசிப் படியில் பாதத்தின் முன்பகுதியை மட்டும் வைத்து நின்று, குதிகாலை மெதுவாகக் கீழே இறக்குங்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். அங்கவடியில் (சேணத்தில் கால் வைக்கும் வளையம்) குதிகால் இறங்காமல் படுத்தும் ஆட்களுக்கு இதைவிட மருந்து இல்லை. அப்புறம் சுவரோரம் பக்கவாட்டில் முழங்காலை மடக்கி நின்று, காது, தோள், இடுப்பு, குதிகால் நாலும் ஒரே நேர்கோட்டில் வருகிறதா என்று போனில் படமெடுத்துப் பாருங்கள். ட்ராட்டில் எழுந்து உட்காரும் சவாரியை, ஐயா சொன்ன அந்த இரட்டைத் தட்டுக்குச் செய்யலாம். தொடை எரியும். எரியட்டும்.

லகானுக்குத் துப்பட்டா இரண்டு. ஜன்னல் கம்பியில் கட்டி, சுண்டு விரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே விட்டு, மேலே கட்டைவிரலால் அழுத்திப் பிடியுங்கள். முழங்கை தளர்ந்து விலாவை ஒட்டி இருக்கட்டும்.

வீடியோவை நடுவராக உட்கார்ந்து பாருங்கள் என்பது என் யோசனை. ட்ரெஸாஜில் ஒவ்வொரு அசைவுக்கும் பூஜ்ஜியத்திலிருந்து பத்து வரை மதிப்பெண். தாளில் நீங்களே போட்டுவிட்டு, பிறகு உண்மையான மதிப்பெண்ணோடு ஒப்பிடுங்கள். 2023ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் நம் அணி ட்ரெஸாஜில் தங்கம் வாங்கியது. 1982க்குப் பிறகு குதிரையேற்றத்தில் நமக்குக் கிடைத்த முதல் ஆசியத் தங்கம் அது. சுதிப்தி, திவ்யகிருதி, ஹிருதய், அனுஷ் நாலு பேர். அனுஷ் அகர்வாலா அதே போட்டியில் தனிநபர் வெண்கலமும் வாங்கி, அடுத்த ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கும் போனார். பெங்களூர்க்காரர் ஃபுவாத் மிர்ஸா டோக்கியோவில் ஈவென்டிங்கில் 23ஆவது இடம். ட்ரெஸாஜ், திறந்தவெளிப் பாய்ச்சல், தடை தாண்டல் மூன்றையும் ஒரே குதிரையில் முடித்தவர். அவர் தடைக்கு முன்னால் கடைசி மூன்று தாவலில் கையை எப்படி அசைக்காமல் வைத்திருக்கிறார் என்று மட்டும் பாருங்கள். வேறெதையும் பார்க்க வேண்டாம்.

பதில்: சத்தியவேட்டுக்காரி

நான் மாற்றிச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே தங்கச்சி. எங்கள் அத்தை படுக்கையில் இருந்த காலம் முழுவதும் நானும் வீட்டோடுதான். அந்த நேரத்தில் பயிற்சி அது இது என்று தலையில் ஏற்றிக்கொண்டால், செய்ய முடியாத நாளில் அழுகைதான் வரும். நோயாளியைத் தூக்கி உட்கார வைத்தே இடுப்பு போய்விடும். மத்தியானம் தூக்கம் வந்தால் தூங்கு. உடம்பு கற்றுக்கொண்டது எங்கேயும் போகாது, ஏறிய கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்துவிடும்.

நான் செய்தது ஒன்றே ஒன்று. மாதம் பிறந்தால் லாயத்துக்குக் கொஞ்சம் பணம் அனுப்பிவிடுவேன், என் குதிரைக்குக் கொள்ளு வாங்க. லாடம் அடிக்கும் மாதம் லாடக்கூலி. ஆறு வாரத்திலிருந்து எட்டு வாரத்துக்குள் குளம்பு வெட்ட வேண்டும் அல்லவா, அந்தக் கணக்கை என் காலண்டரில்தான் குறித்து வைத்திருந்தேன். லாயத்துக்காரர் மறந்தாலும் நான் போன் பண்ணி ஞாபகப்படுத்துவேன். குதிரைக்கு ஏதோ ஒரு வேலை நம் பொறுப்பில் இருக்கிறது என்பதே போதும்.

பதில்: மண்ணுத்தி மாணவி

சேச்சி, நான் மண்ணுத்தி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கிறேன். வீடு கொல்லங்கோடு, உங்களுக்குப் பக்கம்தான். சத்தியவேட்டு அக்கா சொன்ன பொறுப்போடு ஒரு நோட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வளர்ந்த குதிரை ஓய்வாக நிற்கும்போது உடம்புச் சூடு சுமார் 99லிருந்து 101 ஃபாரன்ஹீட். நாடி நிமிடத்துக்கு 28லிருந்து 44. மூச்சு 8லிருந்து 16. இது பொதுக் கணக்கு. மல்லிக்கு என்று ஒரு கணக்கு இருக்கும், அதுதான் முக்கியம். லாயத்துக்காரர் காலையில் எண்ணிச் சொன்னால் நீங்கள் எழுதி வையுங்கள். நாடியைக் கீழ்த்தாடை எலும்பின் உள்பக்கம் விரல் வைத்துப் பார்க்கலாம். அப்பாவுக்கு எப்படியும் நாடி பார்ப்பீர்கள். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குகிற பழக்கம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். குதிரை நாடி மெதுவாக இருப்பதால் அதற்கு மட்டும் 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்கினால் இன்னும் துல்லியம். ஈறு வெளிர் சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்திவிட்டு எடுத்தால் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும்.

தினமும் கேட்க வேண்டிய கேள்வி: சாணி போட்டதா, எவ்வளவு, இறுகலா இளகலா? குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. வயிற்றில் எது சிக்கினாலும் பின்பக்கமாகத்தான் போயாக வேண்டும். அதனால் வயிற்றுவலி குதிரைக்கு உயிர்ப் பிரச்சினை. கொள்ளையோ தவிட்டையோ திடீரென்று கூட்டக் கூடாது. மழைக்காலத்தில் குளம்பின் அடியில் நாற்றம் வருகிறதா என்று கேளுங்கள். கறுப்பாகக் கசிந்து அழுகல் வாடை அடித்தால் ஈரத்தில் நிற்கிறது என்று அர்த்தம். நம் பாலக்காட்டு மார்ச் ஏப்ரல் வெயிலில் இன்னொன்று: புழுக்கம் அதிகமான ஊர்களில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோகும். ஓடிவிட்டு வந்தும் உடம்பு காய்ந்தே இருந்து மூச்சு மட்டும் வாங்கினால் உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

மேற்குக்காற்று (கொழிஞ்சாம்பாறை)

எல்லோருக்கும் நன்றி. உடனே பதில் எழுத முடியவில்லை, மன்னிக்கவும்.

சத்தியவேட்டு அக்கா, நீங்கள் சொன்ன பிறகு முடியாத நாளில் ஒன்றும் செய்வதில்லை, தூங்கிவிடுகிறேன். கொள்ளுப் பணம் அனுப்பிவிட்டேன்.

அங்கவடி அக்கா, மாடியில் போடாமல் முற்றத்தில் போட்டேன், அப்பாவைத் தனியாக விட்டுவிட்டு மாடிக்குப் போக மனசு வரவில்லை. சக்கர நாற்காலியைத் திண்ணையோரம் நிறுத்தியிருந்தேன். சும்மா பார்த்துக்கொண்டு இருந்தவர் திடீரென்று இடது கையை நீட்டி "ஈ" என்றார். நான் ஈக்குப் போனேன். அப்புறம் "பி". பேச்சுப் பயிற்சி தருபவர் தினமும் சொல்லச் சொல்லும் சொற்களை வாயைத் திறந்து சொல்லமாட்டார், இதைச் சொல்கிறார். "எஃப்" வருவதற்குக் கஷ்டப்படுகிறார். வரும் வரை நானும் மூலையில் நின்றுகொண்டே இருப்பேன். நேற்று எனக்கு முன்னால் அவரே பாடத்தைச் சரியாகச் சொல்லி, கேயில் திரும்பாமல் நேராகப் போய்விட்டேன் என்று தலையை ஆட்டினார். பேச்சுப் பயிற்சி தருபவரிடம் சொன்னேன், தாராளமாகச் செய்யுங்கள், சொல்லும் எழுத்துகளைக் கூட்டிக்கொண்டே போங்கள் என்றார். பக்கத்து வீட்டுப் பையனும் இப்போது வந்து எம்மில் நிற்கிறான்.

ஜட்கா ஐயா, லாயத்துக்காரரிடமிருந்து இன்று வீடியோ வந்தது. நாலைந்து தடவை பார்த்துவிட்டேன். நேராக வரும்போது மல்லியின் வலது முன்னங்கால் தரையில் படும் ஒவ்வொரு தடவையும் தலை கொஞ்சம் இறங்குகிற மாதிரித் தெரிகிறது. போன வார வீடியோவில் இது இல்லை. இணைத்திருக்கிறேன், பார்த்துச் சொல்கிறீர்களா? என் கண் தப்பாகவும் இருக்கலாம்.

ஜட்கா வீட்டுப் பிள்ளை (குடியாத்தம் பக்கம்)

உங்கள் கண் சரிதான் அம்மா. வலது படும்போது தலை இறங்குகிறது என்றால் வலி இடது முன்னங்காலில். இடது படும்போது லேசாகத் தூக்குகிறது, கவனித்தீர்களா? அதிகம் இல்லை, கொஞ்சம்தான்.

லாயத்துக்காரரை இன்றைக்கே கூப்பிடுங்கள். இடது குளம்பைத் தூக்கிக் கொக்கியால் நன்றாகச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள், நடுவில் இருக்கும் தவளைக்கு (குளம்படியில் முக்கோணமாக இருக்கும் மெத்தான பகுதி) இரண்டு பக்கமும் உள்ள பள்ளத்தில் கல் சிக்கியிருக்கிறதா என்று. பிறகு இரண்டு முன்னங்குளம்புச் சுவரிலும் புறங்கையை வைத்து, ஒன்று மட்டும் சூடாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். லாட ஆணி எதையாவது தட்டினால் காலை இழுக்கிறதா என்றும் பார்க்கட்டும். கல் என்றால் எடுத்தால் தீர்ந்தது. சூடு இருந்தாலோ ஆணியில் இழுத்தாலோ சவாரி வேண்டாம், மருத்துவர் பார்க்கட்டும்.

மேற்குக்காற்று (கொழிஞ்சாம்பாறை)

கூப்பிட்டேன் ஐயா. கல் இல்லை. வெளிப்பக்கம் இரண்டாவது ஆணியைத் தட்டினால் காலை வெடுக்கென்று இழுக்கிறதாம், அந்தப் பக்கம் சூடும் இருக்கிறது. போன வாரம்தான் லாடம் அடித்திருக்கிறார்கள். சவாரியை நிறுத்திவிட்டார். மருத்துவர் நாளைக் காலை வருகிறார். அவர் ஆணியை எடுக்கும்போது போனில் காட்டச் சொல்லியிருக்கிறேன். மண்ணுத்தித் தங்கச்சி, அந்த நேரத்தில் நாடி எவ்வளவு இருந்தது என்றும் கேட்டு நோட்டில் எழுதிவிடுகிறேன்.